நின்றுபோன புளோயரும் சுற்றிக்கொண்டே இருந்த சின்னமும்

காலை ஆறு மணிக்குப் பணி மாற வந்த மூத்த ஆபரேட்டர் அன்று கட்டுப்பாட்டு அறைக்குள் போகவில்லை. வளாகத்துக்குள் நுழைந்ததுமே வாடை பிடிபட்டுவிட்டது அவருக்கு. நேராக, கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்றூதும் புளோயர்கள் இருக்கும் அறைக்குப் போய், இரண்டாம் எண் புளோயரின் வெளியேற்றுக் குழாயில் உள்ளங்கையை வைத்தார். ஓடுகிற புளோயரின் குழாயில் யாரும் அப்படிக் கை வைக்க முடியாது. அமுக்கப்படும் காற்று சூடேறும்; அந்தக் குழாய் எப்போதும் தொட்டால் சுடும். அன்று சில்லென்று இருந்தது. அதே நேரத்தில் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த தொடுதிரையில் இரண்டாம் எண் புளோயரின் பச்சைச் சின்னம் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே வேகம் 42.00 ஹெர்ட்ஸ் என்று காட்டியது.

அந்தத் திரையை அமைத்தவன் நான்.

"தம்பி, உங்கள் திரையில் வண்டி ஓடுகிறது. இங்கே குழாய் குளிர்ந்து கிடக்கிறது. நான் எதை நம்பட்டும்?" என்று தொலைபேசியில் கேட்டார்.

"குழாயை நம்புங்கள் அண்ணா. ஒன்றாம் எண்ணை முழு வேகத்துக்கு ஏற்றுங்கள். கழிவுநீர் உள்ளே வருவதைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். நான் கிளம்பிவிட்டேன்" என்றேன்.

கோவையிலிருந்து போய்ச் சேரும்வரை மனதில் ஒரே கேள்விதான் ஓடியது. கட்டளையை வைத்துச் சின்னத்தைச் சுற்ற விடக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்ளும் பாடம். நானும் கட்டளையை வைத்து அதை அமைக்கவில்லை. பிறகு எப்படி?

இடம், திருப்பூர் வட்டாரத்தில் சாயப்பட்டறைகள் சேர்ந்து நடத்தும் ஒரு பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். பெயர் இங்கே தேவையில்லை. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. அதனால் இங்கே ஒரு புளோயர் நின்றால் அது வெறும் பராமரிப்புச் செய்தியாக முடிந்துவிடாது. சவ்வு வடிகட்டிகளுக்குப் போகும் முன் நீரில் உள்ள கரிமப் பொருளைத் தின்று தீர்ப்பவை காற்றூட்டும் தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கு இரவு பகலாகக் காற்று வேண்டும். நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நின்றால் அவை நலமாக இருக்கும். பல மணி நேரம் அரை மில்லிகிராமுக்குக் கீழே போனால் தொட்டி அழுகத் தொடங்கும். அன்று காலை காற்றில் வந்த வாடை அதுதான்.

அந்த இரவின் கதையை டிரைவின் நினைவகத்திலிருந்தும் பதிவேட்டிலிருந்தும் கோத்தெடுத்தோம். நள்ளிரவு தாண்டி 1.40 மணி அளவில் இரண்டாம் எண் புளோயரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், உள்வெப்பம் கூடியதால் தானாக நின்றிருக்கிறது. அதன் குளிர்விசிறி வலையில் பஞ்சும் தூசியும் அடைந்திருந்தன. டிரைவ் தன் கடமையைச் சரியாகவே செய்தது. கோளாறு விளக்கையும் எரியவிட்டது. ஆனால் அந்த விளக்கு மின்பேனல் அறையின் கதவுக்குப் பின்னால் இருந்தது. இரவில் அந்த அறை பூட்டியிருக்கும். கோளாறு நேர்ந்தால் மாறும் சுவிட்சான கோளாறு ரிலேயிலிருந்து, நிலையத்தின் கருவிகளை இயக்கும் கணினியான பிஎல்சிக்கு ஒரு கம்பி போயிருக்க வேண்டும். நிலையத்தை விரிவாக்கியபோது பிஎல்சியில் உள்ளீட்டு முனைகள் தீர்ந்துவிட்டதால் அந்தக் கம்பி வரைபடத்தில் மட்டுமே இருந்தது.

ஒன்றாம் எண் புளோயர் அதே அறையில் இரைந்துகொண்டிருந்ததால் சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இரவுப் பணியில் இருந்த இளைஞர் பதிவேட்டை ஒழுங்காக எழுதியிருக்கிறார். இரண்டு மணிக்குக் கரைந்த ஆக்சிஜன் 1.8. நான்கு மணிக்கு 0.7. அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே "சென்சார் கழுவ வேண்டும்" என்று ஒரு குறிப்பு. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அவர் கண்ணில் உண்மை பட்டிருக்கிறது; கையால் எழுதியும் இருக்கிறார். ஆனால் ஆக்சிஜன் சென்சாரில் பாசி படிந்து அளவு குறைவது மாதத்தில் இரண்டு மூன்று முறை நடப்பதுதான். திரையிலோ இரண்டு புளோயர்களும் சுற்றுகின்றன. இரண்டு சாட்சிகள் முரண்பட்டபோது, அதிகம் பழுதாகும் சாட்சியை அவர் சந்தேகித்தார். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். அவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, முதலில் திரையை விசாரியுங்கள் என்று எழுத்திலேயே கொடுத்தேன்.

விசாரணைக்கு முன் திரை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொடுதிரையில் ஒரு புளோயர் சின்னத்தை வைப்பவர் உண்மையில் இரண்டு செயல்களைச் செய்கிறார். முதலில் ஒரு படத்தை வைக்கிறார். பிறகு அந்தப் படத்தின் நிறம், சுழற்சி, நிரம்பல், தோன்றி மறைதல் ஆகியவற்றை ஏதோ ஒரு டேக்கோடு கட்டுகிறார். டேக் என்பது பிஎல்சியிலோ டிரைவிலோ உள்ள ஒரு நினைவக முகவரிக்கு நாம் வைத்த பெயர். இதில் சுழற்சிதான் மிகவும் ஏமாற்றும். பெரும்பாலான திரைகளில் சுழலும் விசிறி என்பது நான்கோ எட்டோ படங்களை அடுத்தடுத்துக் காட்டுவது. அந்த ஓட்டத்தைத் திரையின் சொந்தக் கடிகாரம் நடத்துகிறது. நிபந்தனை உண்மை என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பொய் என்று மறுபடி யாராவது சொல்லும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கோ, அசைவது எல்லாம் உயிரோடு இருப்பதாகத் தோன்றும். எண் ஒன்று உறைந்து நின்றால் கூர்மையான கண் சந்தேகப்படலாம். சுற்றுகிற விசிறியைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது.

நான் வைத்த நிபந்தனை இது: டிரைவின் வெளியீட்டு அதிர்வெண் 5 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் சுற்று. "ஓடு" என்ற கட்டளையை நான் பயன்படுத்தவில்லை. மோட்டாருக்கு உண்மையில் போகும் அதிர்வெண்ணைத்தான் கேட்டேன். கேட்டதாக நினைத்தேன்.

மடிக்கணினியை நேரடியாக டிரைவின் தொடர்புக் கம்பியில் இணைத்து அதன் நினைவகத்தில் எண்களை வைத்திருக்கும் ரிஜிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் புலப்பட்டது. டெல்டா நிறுவன டிரைவ்களின் பல வகைகளில் முகவரிப் பட்டியல் ஒன்றுதான். பதினாறை அடியாகக் கொண்ட பதினறும எண்ணில் 2102 என்ற முகவரியில் அதிர்வெண் கட்டளை இருக்கும். அதாவது நாம் எவ்வளவு வேகத்தில் ஓடச் சொன்னோம் என்பது. அடுத்த வீடான 2103-இல் வெளியீட்டு அதிர்வெண்; அதாவது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பது. 2104-இல் மின்னோட்டம். கையேட்டில் எல்லாம் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. சொன்னதும் நடப்பதும் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கின்றன.

2103 என்ற பதினறும எண்ணைப் பதின்ம எண்ணாக மாற்றினால் 8451. இந்த இடத்தில்தான், கருவிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் மோட்பஸ் முறையின் பழைய சிக்கல் ஒன்று வருகிறது. 1979-இல் மாடிகான் நிறுவனம் இந்த முறையை வெளியிட்டது. கம்பியில் போகும் முகவரி சுழியத்தில் தொடங்கும். ஆனால் ரிஜிஸ்டரின் எண் ஒன்றில் தொடங்கும்; அதற்கு முன்னால் 4 என்ற இலக்கம் சேரும். ஆகவே முகவரி 0-இல் உள்ள ரிஜிஸ்டருக்கு 400001 என்று பெயர். அந்தக் கணக்குப்படி 8451 என்ற முகவரியில் உள்ளதை 408452 என்று எழுத வேண்டும். சில திரை மென்பொருள்கள் முதல் முறையில் எண்ணைக் கேட்கின்றன, சில இரண்டாம் முறையில். அதற்கு முந்தைய வேலைகளில் நான் பயன்படுத்திய மென்பொருள் சுழியத்திலிருந்து எண்ணியது. இந்த நிலையத்தின் திரை ஒன்றிலிருந்து எண்ணியது. நான் பழக்கத்தில் 408451 என்று எழுதினேன். திரை அதைச் சரியாகப் புரிந்துகொண்டு, 8450-ஆம் முகவரியிலிருந்து, அதாவது பதினறும எண்ணில் 2102-இலிருந்து, எனக்குக் கட்டளையைக் கொண்டுவந்து கொடுத்தது. டிரைவ் கோளாறில் நின்ற பிறகும் கட்டளை அப்படியேதான் இருக்கும். 42.00.

ஒரே ஓர் எண் தள்ளிப்போனது. அது ஏன் ஓராண்டுக்கு மேலாக வெளியே வரவில்லை என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. தொடக்கச் சோதனைக்கான தாளில் "அதிர்வெண் ஒப்பீடு" என்று ஒரு வரி இருக்கிறது. புளோயரை ஓட்டினோம். வேகம் நிலைப்படும்வரை காத்திருந்தோம். டிரைவின் முகப்பில் 42.00, திரையில் 42.00. சரி என்று குறியிட்டுக் கையெழுத்துப் போட்டோம். நிலைப்பட்ட ஓட்டத்தில் கட்டளையும் வெளியீடும் ஒரே எண்தான்! அவை வேறுபடுவது இரண்டு நேரங்களில் மட்டும்: வேகம் ஏறி இறங்கும்போதும், ஏதாவது கெட்டுப்போகும்போதும். அந்தப் புளோயர் முழு வேகம் பிடிக்க 30 விநாடி எடுக்கும். அந்த 30 விநாடியில் நாங்கள் திரையைப் பார்த்திருந்தால் போதும். ஆய்வின் முதல் நாள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். டிரைவின் முகப்பில் 5, 9, 14, 20 என்று எண் மெல்ல ஏறியது. திரையில் பொத்தானைத் தொட்ட கணமே 42.00 என்று நின்றது. முப்பத்தேழு கிலோவாட் மோட்டார் எதுவும் ஒரு கணத்தில் வேகம் பிடிக்காது. காத்திருந்து சோதித்ததால் தவறைத் தவறவிட்டோம்.

திரை வேலையில் இரண்டு வகைத் தவறுகள் உண்டு. 32 பிட் எண்ணின் இரண்டு பாதிகளும் இடம் மாறி வந்தால் தொட்டி மட்டம் பல கோடி மீட்டர் என்று காட்டும். ஐந்து நிமிடத்தில் யாராவது கத்துவார்கள், திருத்திவிடுவோம். அபத்தமான எண் யாரையும் கொல்லாது. நம்பும்படியான தவறான எண்தான் ஆபத்து.

இப்படி நம்பும்படியான பொய்க்கு உலகம் அறிந்த ஒரு சாட்சி இருக்கிறது. 1979 மார்ச் 28, அதிகாலை நான்கு மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குவஹானா ஆற்றின் நடுவே உள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலை. அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு, அழுத்தம் இறங்கியதும் மூடியிருக்க வேண்டும், மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் அந்த வால்வுக்கு ஒரு விளக்கு இருந்தது. அது வால்வின் நிலையைப் பார்த்து எரியவில்லை. வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டும் பார்த்தது. மின்சாரம் நின்றதும் விளக்கு அணைந்தது. அங்கிருந்தவர்கள் வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். உலையைக் குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அந்த வழியே வெளியேறியது. உலைமையத்தின் பாதி அளவு உருகிப்போனது.

அந்த விபத்தை விசாரிக்க அதிபர் கார்ட்டர் கணிதவியலர் ஜான் கெமெனி தலைமையில் ஆணையம் அமைத்தார். விசாரணைகளில் வெளிவந்த விவரங்களைப் படிக்கும்போதெல்லாம் நம் இரவுப் பணி இளைஞர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார். வால்வுக்குப் பின்னால் உள்ள குழாயின் வெப்பநிலை உயர்ந்திருந்தது அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வால்வு முன்பிருந்தே கசிந்துகொண்டிருந்ததால் அந்தக் குழாய் சூடாக இருப்பது பழகிப்போயிருந்தது. வெளியேறிய நீர் சேர்ந்த தொட்டியின் அழுத்தமானி பலகையின் பின்பக்கம் இருந்தது. முதல் சில நிமிடங்களில் நூறுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒன்றாக ஒலித்தன. உண்மை அந்த அறையிலேயே இருந்தது. அணைந்த ஒரு சிறு விளக்கு அதை மறைத்துவிட்டது. எங்கள் தொட்டியை அணு உலையோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கட்டமைப்பில் இரண்டும் ஒன்றுதான்: சொன்னதைக் காட்டிவிட்டு நடந்ததைக் காட்டியதாக நம்ப வைத்தது.

டெக்சஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று நடந்த வெடிவிபத்தும் இதோடு சேரும். 15 பேர் இறந்தார்கள். நூற்றைம்பது அடிக்கு மேல் திரவம் ஏறிவிட்ட கோபுரத்தை மட்டமானி பத்து அடிக்கும் குறைவு என்று காட்டிக்கொண்டிருந்தது. அதுவும் மெல்லக் குறைவதாகக் காட்டியது. கோபுரத்துக்குள் போகும் ஓட்டம் ஒரு திரையிலும் வெளியே வரும் ஓட்டம் வேறொரு திரையிலும் இருந்ததை அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை சுட்டிக்காட்டியது. இரண்டையும் அருகருகே வைத்திருந்தால், உள்ளே போவது வெளியே வரவில்லை என்பது கண்ணில் பட்டிருக்கக்கூடும். எங்கள் நிலையத்தில் புளோயர்கள் முதல் பக்கத்திலும் கரைந்த ஆக்சிஜன் நான்காம் பக்கத்திலும் இருந்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவேடு எழுதத்தான் யாராவது அந்தப் பக்கத்துக்குப் போவார்கள். பக்கங்களைப் பிரித்தவனும் நான்தான். கருவிகளை வகைப்படுத்தி அடுக்கினால் அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

திருத்தம் என்று வந்தபோது, முகவரியை 408452 என்று மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. மூத்த ஆபரேட்டர் விடவில்லை.

"தம்பி, பெல்ட் அறுந்தால் என்ன காட்டும்?"

நல்ல கேள்வி. பெல்ட் அறுந்தால் மோட்டார் 42 ஹெர்ட்ஸில் ஓடும், புளோயர் நிற்கும். சரியான முகவரியிலிருந்து படித்தாலும் சின்னம் சுற்றும். வெளியீட்டு அதிர்வெண் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்துக்குத்தான் சாட்சி; தொட்டிக்குப் போகும் காற்றுக்கு அது சாட்சி சொல்லாது.

அப்படியானால் காற்றழுத்தத்தைப் பார்க்கலாமே என்று ஆலை நிர்வாகத்திலிருந்து ஒருவர் சொன்னார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு புளோயர்களும் ஒரே பொதுக் குழாயில் ஊதுகின்றன. அந்தக் குழாயின் அழுத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தொட்டியின் ஆழம். நாலரை மீட்டர் நீரைத் தள்ளிக்கொண்டு காற்று வெளிவர எவ்வளவு அழுத்தம் தேவையோ அவ்வளவு. ஒரு புளோயர் ஊதினாலும் இரண்டு ஊதினாலும் மானியின் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். நின்றுபோன புளோயரின் பக்கம் காற்று திரும்பாதபடி ஒருவழி வால்வு தடுத்துவிடும். அன்று இரவும் அழுத்தமானி கிட்டத்தட்ட வழக்கமான அளவையே காட்டியிருக்கிறது. அந்தக் கருவியின்மேல் சின்னத்தைக் கட்டியிருந்தால் இன்னொரு நம்பும்படியான பொய்யைத்தான் உருவாக்கியிருப்போம்.

மின்னோட்டம் உதவும் என்று முடிவுசெய்தோம். காற்றை அமுக்கும் உழைப்பு மோட்டாரின் மின்னோட்டத்தில் தெரியும். ஆனால் எத்தனை ஆம்பியருக்குக் கீழே போனால் புளோயர் சும்மா இருக்கிறது என்று சொல்வது? கையேட்டில் இதற்கு விடை கிடைக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறைகள் ஓடாத நேரத்தில், இரண்டாம் எண்ணின் பெல்ட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினோம். டிரைவின் முகப்பில் 21 ஆம்பியர். பெல்ட்டுகளை மாட்டி ஓட்டியபோது 47. பெல்ட்டுகளில் இரண்டை மட்டும் மாட்டி, தளர்வாக விட்டும் பார்த்தோம். 40-க்கும் 44-க்கும் இடையே எண் ஆடியது. எல்லையை 32 என்று வைத்தோம். மூத்த ஆபரேட்டர் அந்த மூன்று எண்களையும் பேனலின் உள்கதவில் மார்க்கரால் எழுதி, கீழே தேதி போட்டார். எந்தக் கையேட்டைவிடவும் அந்தக் கதவைத்தான் இப்போது எல்லோரும் பார்க்கிறார்கள்.

சின்னத்தின் நிலையை முடிவுசெய்யும் வேலையைத் திரையிடமிருந்து எடுத்துப் பிஎல்சியிடம் கொடுத்தோம். பிஎல்சி, டிரைவின் நிலை, வெளியீட்டு அதிர்வெண், மின்னோட்டம், கோளாறு ரிலே ஆகிய நான்கையும் பார்த்து ஒரே ஓர் எண்ணை உருவாக்கும். திரை அந்த எண்ணுக்கு உரிய படத்தை மட்டும் காட்டும். இதில் ஒரு நன்மை உண்டு. திரையில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி நிபந்தனை எழுதினால், முதல் பக்கத்தில் ஒரு மாதிரியும் மூன்றாம் பக்கத்தில் வேறு மாதிரியும் எழுதிவிடுவோம். ஒரே புளோயர் இரண்டு பக்கங்களில் இரண்டு நிலையில் இருக்கும். எனக்கு அது முன்பே நடந்திருக்கிறது. கோளாறு ரிலேக்கு உள்ளீட்டு முனை வாங்கிப் போட்டோம். சாதாரண நிலையில் மூடியிருக்கும் முனையையே இணைத்தோம்; கம்பி அறுந்தாலும் கோளாறு என்றே தெரிய வேண்டும் என்பதற்காக.

அந்த எண்ணின் நிலைகளில் நிற்கிறது, ஓடுகிறது, கோளாறு என்ற மூன்றும் எல்லோரிடமும் இருப்பவை. ஓடச் சொல்லி இன்னும் வேகம் பிடிக்காத நிலைக்கு ஒரு படம் சேர்த்தோம். பாதி நிரம்பிய வட்டம். மோட்டார் ஓடுகிறது, சுமை இல்லை என்பதற்கு ஒன்று. என் மனதுக்கு மிக நெருக்கமானது கடைசிப் படம்: சாய்கோடுகள் போட்ட வட்டத்தில் ஒரு கேள்விக்குறி. டிரைவோடு தொடர்பு மூன்று முறை தொடர்ந்து அறுந்தால் அது வரும். தொடர்பு அறுந்தால் கடைசியாக வந்த எண்ணையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் திரைகளும் பிஎல்சி நிரல்களும் ஏராளம். கையில் தகவல் இல்லாதபோது "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லத் திரைக்கு ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். பிஎல்சிக்கும் திரைக்கும் இடையே உள்ள கம்பிக்கும் அதே ஏற்பாடு: பிஎல்சி விநாடிக்கு ஒருமுறை ஓர் எண்ணை ஏற்றிக்கொண்டே இருக்கும்; ஐந்து விநாடி அது மாறவில்லை என்றால் பக்கம் முழுவதும் சாய்கோடு விழும்.

கேள்விக்குறி முதலில் ஆபரேட்டர்களுக்குப் பிடிக்கவில்லை. "தெரியவில்லை என்று சொன்னால் நாங்கள் என்ன செய்வது?" என்றார் இரவுப் பணி இளைஞர். நியாயம்தான். கேள்விக்குறியின் கீழே "நேரில் பார்க்கவும்" என்று இரண்டு சொற்களைச் சேர்த்தேன். அதன் பிறகு அது அவர்களுக்கு ஒரு வேலையாகிவிட்டது.

தொட்டி மட்டங்களையும் அப்போதே சோதித்தோம். நிரம்பும் தொட்டியாகக் காட்டும் படம் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான சிக்னலால் ஓடுகிறது: 4 என்றால் காலி, 20 என்றால் நிறைவு. கம்பி அறுந்தால் சிக்னல் சுழியம். கணக்குப்படி மட்டம் மைனஸ் 25 சதவீதம். திரை எதிர்ம எண்ணைக் காட்டாது, அதைச் சுழியமாக்கிக் காலித் தொட்டியை வரையும். ஆபரேட்டர் காலித் தொட்டியைப் பார்த்தால் என்ன செய்வார்? பம்பைப் போடுவார். ஜெர்மனியின் நமூர் அமைப்பு வகுத்த என்இ 43 பரிந்துரைப்படி 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழே அல்லது 21-க்கு மேலே போனால் அதைக் கருவிக் கோளாறாகக் கொள்ள வேண்டும். எங்கள் தொட்டிகளில் ஒன்றில்கூட நான் அதை எழுதியிருக்கவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

நிறங்களைப் பற்றி எதிர்பாராத ஒரு விவாதம் வந்தது. திரை அமைப்பவர்களுக்குப் பச்சை என்றால் ஓடுகிறது. ஆனால் துணைமின்நிலையத்தில் வேலை பார்த்துப் பழகிய எலக்ட்ரீஷியனுக்குச் சிவப்பு விளக்கு என்றால் மின்சாரம் இருக்கிறது, பச்சை என்றால் துண்டிக்கப்பட்டிருக்கிறது. சுவிட்ச் பேனல்களில் நெடுங்கால வழக்கம் அது. ஒரே ஆலையில் இரண்டு மொழி! இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் எந்த மொழியில் படிப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஓட்டத்தை வடிவத்தில் வைத்தோம்: நிரம்பிய வட்டம் ஓடுகிறது, வெற்று வட்டம் நிற்கிறது. பின்னணியும் கருவிகளும் சாம்பல் நிறத்தின் பல அழுத்தங்களில் மட்டும். வண்ணம் கோளாறுக்கு என்று ஒதுக்கப்பட்டது. தொழிற்சாலைத் திரைகளுக்காக 2015-இல் வெளியான ஐஎஸ்ஏ 101 தரநிலையை ஒட்டி எழுந்த வடிவமைப்பு மரபும் இந்தப் பக்கமே சாய்கிறது. முதல் பார்வையில் திரை வெளிறிப்போனதாக எல்லோரும் குறைபட்டார்கள். முதல் கோளாறு வந்த அன்று, சாம்பல் பக்கத்தின் நடுவே ஒற்றைச் சிவப்புச் சதுரம் அறையின் மறுகோடியிலிருந்தே தெரிந்தது. அதற்குப் பிறகு யாரும் குறை சொல்லவில்லை.

சுழற்சியை எடுத்துவிட்டேன். இதில் எனக்கும் ஆபரேட்டர்களுக்கும் நீண்ட பேச்சு நடந்தது. சுற்றினால்தான் ஓடுவது போல இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அந்த "போல" என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது. ஓட்டத்தைக் காட்ட வேண்டுமென்றால், உண்மையில் ஓட்டத்தோடு மாறும் ஒன்றைக் காட்டுவோம் என்று, ஒவ்வொரு புளோயர் சின்னத்தின் பக்கத்திலும் மின்னோட்டத்துக்கு ஒரு சிறு பட்டையை வைத்தேன். 32-இல் ஒரு கோடு. வழக்கமான அளவான 44 முதல் 50 வரை லேசாக நிழலிட்ட பகுதி. சுமையோடு சேர்ந்து பட்டை நாள் முழுவதும் ஓர் ஆம்பியர் ஏறும், ஓர் ஆம்பியர் இறங்கும். கண் அதற்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அந்த இரண்டு பட்டைகளுக்கும் நடுவில், முதல் பக்கத்திலேயே, கரைந்த ஆக்சிஜனும் அதன் கடந்த எட்டு மணி நேரக் கோடும் இருக்கின்றன. புளோயர் நின்று ஆக்சிஜன் சரிந்தால் இரண்டும் ஒரே பார்வையில் விழும். சென்சாரில் மட்டும் பாசி படிந்தால் பட்டைகள் அசையாமல் இருக்க, கோடு மட்டும் சரியும்.

தொட்டி மீண்டுவர ஒன்பது நாள் ஆனது. அதுவரை பட்டறைகள் முறை வைத்துக் கழிவுநீரை அனுப்பின; சில பட்டறைகளில் ஆர்டர்கள் தாமதமாயின.

தொடக்கச் சோதனைத் தாளை முழுக்க மாற்றி எழுதினோம். ஓடும்போது ஒப்பிடுவது ஒரே ஒரு வரி. மீதி எல்லாம் கெடுத்துப் பார்ப்பவை. வேகம் ஏறும் 30 விநாடியில் பத்தாம் விநாடி எண்ணையும் இருபதாம் விநாடி எண்ணையும் எழுத வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவின் தொடர்புக் கம்பியைப் பிடுங்க வேண்டும். மட்டமானியின் ஒரு கம்பியைக் கழற்ற வேண்டும். டிரைவைக் கோளாறில் நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் திரை என்ன காட்டியது, எத்தனை விநாடியில் காட்டியது என்பதை நிரப்பும் கட்டங்கள். கையெழுத்து இரண்டு: திரை அமைத்தவர் ஒன்று, அதைப் பார்த்து வேலை செய்யப்போகிறவர் ஒன்று.

புதிய தாளை முதலில் நிரப்பியது அந்த இரவுப் பணி இளைஞர்தான். நான் திரையின் முன் நின்றேன். அவர் பேனல் அறையில் இரண்டாம் எண் டிரைவின் பிரேக்கரை இறக்கிவிட்டு, கதவருகே வந்து விநாடிகளைச் சத்தமாக எண்ணினார். மூன்று என்றபோது வட்டத்தின் மீது சாய்கோடுகள் விழுந்தன, கேள்விக்குறி வந்தது, அடியில் "நேரில் பார்க்கவும்". அவர் தாளில் 3 என்று எழுதவில்லை. திரும்பிப் போய்ப் பிரேக்கரை ஏற்றி, புளோயரை ஓட்டி நிலைப்படுத்தி, மறுபடி இறக்கி, மறுபடி எண்ணினார். ஐந்து முறை செய்த பிறகு, ஐந்து எண்களையும் வரிசையாக எழுதிக் கையெழுத்திட்டார்.